கொடி தூங்குகிற ஊர்

எங்கள் அப்பா "பாப்போம்" என்று சொன்னால் "முடியாது" என்று அர்த்தம். சைக்கிள் கேட்டபோது பாப்போம் என்றார். பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் கூட்டிப்போகிறார்கள் என்றபோதும் பாப்போம் என்றார். கடைசியில் நான் கொடைக்கானலைப் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். அதனால், ஜெர்மனிக்குப் போக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்ன அன்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "பாப்போம்த்தா" என்றதும், கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

அப்போது நான் தோட்டக்கலை மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரிக்கும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஏற்பாடு. அந்தத் தை மாதம் அவர்களுடைய மாணவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, விவசாயிகள் வீட்டில் தங்கி, கூடவே வேலை செய்து கற்றுக்கொள்வார்கள். அடுத்த குளிர்காலத்தில் எங்களில் மூன்று பேர் அங்கே போய் அதே மாதிரி தங்க வேண்டும். செலவு அவர்களுடையது. ஒரே ஒரு நிபந்தனை: பெற்றவர்கள் நேரில் வந்து எங்கள் மேடத்திடம் சம்மதம் சொல்ல வேண்டும். மற்ற இருவருடைய அப்பாக்களும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாக்கி எங்கள் அப்பாதான்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூடலூரில் நாலு பேர் மாதிரி அவரும் திராட்சை போட்டவர். ஜீப் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேரளத்துக் குமுளி வந்துவிடும். அவர் பார்த்த வெளிநாடு அதுதான். அதற்கு மேல் போக அவருக்கு நேரமும் கிடையாது. எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு ஓய்வு என்பதே இல்லை. ஒரு அறுப்பு முடிந்த கையோடு குச்சிகளை வெட்டிக் கவாத்து, துளிர், மருந்து, பூ, பிஞ்சு, திரும்பவும் அறுப்பு. வருஷம் முழுக்கப் பந்தல் பச்சையாகவே இருக்கும். அதன் பின்னாலேயே அப்பாவும் ஓடிக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கிளம்பிவிடுவார்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. வருகிற மாணவிகளில் ஒருத்தியை எங்கள் வீட்டில் தங்கவைக்கச் சொல்லி மேடத்திடம் கெஞ்சினேன். தூரதேசத்திலிருந்து வந்த பெண் நம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, பத்திரமாகத் திரும்பிப் போவதை அப்பா கண்ணால் பார்த்தால், தன் மகளும் அப்படிப் போய்வரலாம் என்று அவருக்குத் தோன்றாதா? மேடம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

வந்தவள் வாசல் நிலையையே குனிந்துதான் தாண்டினாள், அவ்வளவு உயரம். தோட்டத்தில் முதல் நாளே பந்தல் கம்பியில் அடுத்தடுத்து மூன்று இடங்களில் தலையை இடித்துக்கொண்டாள். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரப்பைத் தாண்டிப் பந்தலுக்குள் காலை வைத்ததும் முதுகு தானாக வளைந்துவிடும். குனிகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நீங்களெல்லாம் எப்போது குனிகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன், அதில் இடித்துக்கொண்டேன்" என்றாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அறுப்பாட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றையிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

அவள் குடும்பமும் திராட்சைக் குடும்பம்தான். அதில்தான் அம்மாவுக்கு ஒரு சங்கடம்.

"அவுக ஊர்ல பழத்த எந்தச் சந்தைக்கு அனுப்புவாகளாம்? கேளு."

"சந்தைக்கு இல்லம்மா. அவுகளே வைன் போடுறாக."

"அம்புட்டுப் பழமும் சாராயத்துக்கா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பாத்தா நல்ல குடும்பத்துப் புள்ளயா இருக்கே!"

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அடுத்த நாள் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது வழக்கத்தைவிடப் பெரிதாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினாள். அத்தோடு அம்மாவுக்கும் வைன் மறந்துவிட்டது.

திட்டம் பலிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அப்பா மருந்து டிரம்மைக் கழுவிக்கொண்டே, யாரையோ கேட்பது போல, "அங்கன இட்லி தோசையெல்லாம் கெடைக்குமா என்ன?" என்றார். இன்னொரு நாள், "பொம்பளப் புள்ளைக தனியா பஸ்ல போவாகளா?" என்று கேட்டார். பாப்போம் என்ற சொல் மெல்ல இளகுவது எனக்குக் கேட்டது. அந்த நாட்களில் நான் அப்பா கேட்காமலே அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரே மத்தியானத்தில் கெட்டது.

அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பந்தல் நிழலில் சாக்கை விரித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவள் அப்பா தோட்டத்தில் நின்று பேசினார். வந்ததிலிருந்து அன்றுதான் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். அவர்கள் தோட்டத்தைக் காட்டச் சொல்லி நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அவர் கேமராவைத் திருப்பினார்.

ஒரு இலை இல்லை. மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகப் பனி. அதற்குள் வரிசை வரிசையாகக் கறுத்த கட்டைகள், தீயில் எரிந்து மிச்சம் நிற்பது போல. கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை என்று ஒன்றுமில்லை. அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே கண் கலங்கிவிட்டது. தன் அப்பாவை நினைத்துத்தான் கலங்கினாள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குப் பட்டது வேறு. அழைப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்பக் குளிர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு குலை வெட்டப் போய்விட்டாள்.

பெட்டி கட்டுகிற இடத்தில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. ஒரு அக்கா சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்பா எழுந்து வாய்க்கால் பக்கமாகப் போய் நின்றார்.

"பூராவும் பட்டுப்போச்சே" என்றார் என்னிடம். "பாவம், வாயத் தொறந்து சொல்லல பாரு, அந்தப் புள்ள."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நானும் நம்பினேன். குளிர் நாடுகளில் திராட்சை இலையுதிர்த்து உறங்கும் என்று பரீட்சையில் அழகாகப் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்தான். ஆனால் பிறந்ததிலிருந்து பச்சைக்கு அடியிலேயே வளர்ந்த கண்ணுக்கு, அந்தக் கறுத்த கட்டைகளைப் பார்த்ததும் புத்தகம் ஞாபகம் வரவில்லை. பள்ளத்தாக்கில் யாருக்கு வேண்டுமானாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தோட்டம் அழிந்துபோனவர்களிடம் எங்கள் ஊரில் நடந்துகொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் எட்டாவது படித்தபோது ஆடிக் காற்றில் எங்கள் பந்தல் கல்தூணோடு சாய்ந்துபோனது. அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்தார்கள், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா கூட உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். பிறகு அவரவர் தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது, நடுவதற்கு நல்ல குச்சிகளாகப் பார்த்து வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வாய்க்கால் ஓரத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள். வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லக் கூடாது, கொடுத்தவர் பேச்சை எடுக்கக் கூடாது. இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் நிற்பதெல்லாம் அந்தக் குச்சிகள்தான்.

அன்று சாயங்காலமே செய்தி பரவிவிட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். அம்மா காபி கொடுத்தார். அவள் என்னிடம் மெதுவாக, "இன்று ஏதாவது விசேஷமா?" என்றாள். "உன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்றேன். துக்கத்தை நாமாகக் கிளறக் கூடாது என்பதால் அதற்குமேல் சொல்லவில்லை. அவளும் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் இவ்வளவு அன்பானவர்களா என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்கள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, கொடியே தாங்காத ஊருக்கு எம்புள்ளய எப்படி அனுப்புவேன்? நீ கோவிச்சாலும் சரி. மேடத்துகிட்ட வேணாம்னு சொல்லிரு."

இத்தனை நாளில் பாப்போம் என்று சொல்லாமல் நேராக வேண்டாம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பாப்போமே எவ்வளவோ மேல் என்று அப்போதுதான் தெரிந்தது. கிணற்றடிக்குப் போய் அழுதேன். அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று பட்டதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் கிளம்பும் நாள் வந்தது. கல்லூரி வேன் வந்து நின்றது. அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தார். அப்பாவை மட்டும் காணோம். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பக்கமிருந்து வேகமாக வந்தார். கையில் ஈரச்சாக்கு சுற்றிய ஒரு கட்டு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் காலடியில் அதை வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி நடந்தார்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பந்தல் சாய்ந்த கதை, பேசாமல் வைத்துவிட்டுப் போன குச்சிக்கட்டுகள், அன்று சாயங்காலம் வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பது, எல்லாம். "உன் அப்பா திரும்பவும் தோட்டம் போட வேண்டும் என்று என் அப்பா கொடுக்கிறார்" என்றேன்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உடனே நின்றுவிட்டது. அப்பாவின் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன்.

"எங்கள் கொடி சாகவில்லை. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் இருக்கும். தூங்குகிறது, அவ்வளவுதான். வசந்தத்தில் எழுந்துகொள்ளும்" என்றாள்.

"தூங்குதாம்ப்பா" என்றேன்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொடி தூங்குதா? எம்புட்டு நாளைக்கு?"

"குளிர்காலம் பூராவுமாம். மாசக்கணக்கா."

"நம்ம மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லுது, பாவம்" என்றார். அவள் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் மாதிரி ஏதோ செய்தாள். அப்பா கையிலிருந்த ஈரத்தைத் துண்டில் துடைத்தார். மலையைப் பார்த்தார். வேன்காரர் இன்னொரு ஹாரன் அடித்தார்.

"சரி, நீ போயி உங்கண்ணால பாத்துட்டு வாத்தா. அந்தக் கட்டைய நகத்தால கீறிப் பாரு. உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்குன்னு நான் ஒத்துக்கிறேன்."

அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "என்ன சொல்றீக? அங்கனயா போகச் சொல்றீக?"

"பின்ன? யாராச்சும் பாத்துச் சொல்லணும்ல."

செடி கொடியை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அது எங்கள் இருவருக்குமே பாடம். ஆனாலும் அந்தக் குச்சிக்கட்டை அப்பா கையில் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, துணியெல்லாம் நனைய, கல்லூரி வரைக்கும் வந்தாள். எங்கள் விடுதிக்குப் பின்னால் நாங்கள் இருவருமாக அதை நட்டோம்.

அந்த வாரமே அப்பா கல்லூரிக்கு வந்து மேடத்திடம் சம்மதம் சொன்னார். அடுத்த குளிர்காலத்தில் நான் போனேன். அந்த நாட்டைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். முதல் நாள் ரயிலில் பேச்சுச் சத்தமே இல்லாததைக் கண்டு யாரோ இறந்துவிட்டார்களோ என்று பயந்ததைச் சொல்லலாம். அவள் அம்மா வாரத்துக்கு ஒரு முறை எனக்காகச் சோறு வடித்ததையும், அது கூழாகவே வந்ததையும், நான் ஒவ்வொரு முறையும் பிரமாதம் என்று சொன்னதையும் சொல்லலாம். என் கண்ணில் நிற்பது அவர்கள் தோட்டத்துக்குப் போன அந்தக் காலைதான்.

அங்கே பந்தல் கிடையாது. சரிவில் கம்பி கட்டிக் கொடியை நிறுத்தியிருக்கிறார்கள். தலைக்கு மேலே வானம் மட்டும்தான். நான் வரிசைக்குள் கால் வைத்ததும் முதுகு வளைந்துவிட்டது. குனிந்தபடியே பத்தடி போய்விட்டேன். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இங்கே இடிக்க ஒன்றுமில்லை" என்றாள். நிமிர்ந்து நின்றேன். ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் நான் நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

நேரில் பார்த்தபோதும் அந்தக் கட்டைகள் செத்தவை போலத்தான் இருந்தன. மனசுக்குள் பழைய கலக்கம் வந்தது. அப்பாவுக்கு வீடியோவில் அழைத்தேன். தயாராகவே இருந்தார். எங்கள் பந்தலுக்கு அடியில், பக்கத்துத் தோட்டக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு.

"கீறுத்தா" என்றார்.

கையுறையைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தால் ஒரு குச்சியைக் கீறினேன். குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. கறுத்த தோலுக்கு அடியில், மெல்லிய கோடாக, ஈரமாக, பச்சை.

"தெரியல, கிட்டக்கக் காட்டு." காட்டினேன். "இன்னொண்ணு கீறு. ஒண்ணு தப்பிப் பொழைச்சிருக்கும்." இன்னொன்றைக் கீறினேன். வேறு வரிசைக்குப் போய்க் கீறச் சொன்னார். அங்கேயும் பச்சை. என் பின்னால் அவள் அப்பா, தன் கொடியை இந்தப் பெண் எதற்கு இப்படிக் காயப்படுத்துகிறாள் என்று திகைத்து நின்றார். மகள் விளக்கியதும், கத்தரியை எடுத்து அவரே ஒன்றைக் கீறிக் காட்டினார்.

அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு அவரைக் கும்பிட்டார். அவர் குல்லாயைக் கழற்றினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அப்பா போனைத் தூக்கிப் பந்தலில் தொங்குகிற குலைகளைக் காட்டினார். அவர் இன்னொரு குச்சியைக் கீறிக் காட்டினார். இப்படியே கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இந்த மாசமெல்லாம் அவரு என்னதான் செய்வாராம்?"

கேட்டுச் சொன்னேன். கருவிகளைப் பழுது பார்ப்பாராம், சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவாராம், நன்றாகத் தூங்குவாராம்.

"குடுத்து வச்ச மனுசன்" என்றார் அப்பா. பிறகு, "நீ நல்லாத் தூங்குறயாத்தா?" என்று கேட்டார். என் வாழ்நாளில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. தூங்குகிறேன் என்றேன்.

திரும்பி வந்ததும் கல்லூரியில் மேடை ஏற்றி, இந்தப் பயணத்தால் என்ன கற்றீர்கள் என்று கேட்டார்கள். வரிசை இடைவெளி, உறைபனி, கவாத்து முறை என்று நன்றாகத்தான் பேசினேன். கைதட்டினார்கள். அப்பா அதெல்லாம் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பையை வாங்கிக்கொண்டு, "எந்த வெரல்லத்தா கீறுன?" என்றார். காட்டினேன். பெரியவளான பிறகு என் கையைத் தொட்டிராதவர், அந்தக் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அதுவும் ஒரு தை மாதம்தான். பந்தலில் காய் நிறம் மாறிக்கொண்டிருந்தது. வீடு நிறைய ஆட்கள். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். இப்போதெல்லாம் எங்கள் ஊரிலும் நிறையப் பேசுகிறார்கள். நான் அழாமல், வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தோட்டத்துப் பக்கம் போய் எடுத்தேன்.

பனிக்குள் நின்றிருந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. கையுறையைக் கழற்றினாள். ஒரு கறுத்த குச்சியை நகத்தால் மெல்லக் கீறி, கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து பிடித்தாள். நான் பார்க்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

முறை தெரிந்தவள். நானும் நன்றி சொல்லவில்லை. பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன்.